மின்சாரம் போய் வந்தாலும் விபிஎன் தானாக இணைய: ராஸ்பெரி பையில் வயர்கார்டு

விபிஎன் டனலை, அதாவது இரண்டு கணினிகளுக்கு நடுவே இணையத்தின் வழியே போகும் மறைகுறியாக்கப்பட்ட பாதையை, ஒருமுறை இணைப்பது பெரிய வேலையில்லை. மின்சாரம் போய் வந்த பிறகும் அது தானாக இணைந்துகொள்கிறதா என்பதில்தான் சிக்கலே. ஊர் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர், இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் என்று வைத்திருப்பவர்கள் பலர் மின்வெட்டு முடிந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, "அந்தச் சின்னப் பெட்டியை ஒருதடவை பிடுங்கி மாட்டுங்க" என்று சொல்லித்தான் சமாளிக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினேன்.

இதற்கு வழி தேடினால், "சேவையை எனேபிள் செய்தால் (கணினி எழும்போதே தானாகத் தொடங்கும்படி வைத்தால்) போதும்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது தேவைதான், ஆனால் போதாது. நாம் உட்கார்ந்து ரீபூட் செய்து பார்க்கும்போது ரூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், கடிகாரமும் சரியாக இருக்கும். மின்வெட்டில் இரண்டுமே கிடையாது. பை முதலில் எழுந்துவிடும். ரூட்டர் சில நிமிடம் கழித்து வரும். பையின் கடிகாரம் பழைய நேரத்தைக் காட்டும். அதனால் மேசையில் வைத்துப் பார்த்தபோது வேலை செய்தது வீட்டில் வேலை செய்யாது.

வயர்கார்டை ஏற்கெனவே நிறுவி, கையால் இணைத்துப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நான்காம், ஐந்தாம் படிகளில் கோப்பில் எழுதும் தலைப்புகளும் வரிகளும் மட்டும் Service, Restart, RestartSec, Unit, After என்று பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

முதலில் வாடகை சர்வர் தேவையா என்று பாருங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க ஐபி முகவரி என்னவென்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் நேராக வர முடியாது. அப்போது பைதான் வெளியே உள்ள ஒரு சர்வரைத் தேடிப் போக வேண்டும்.

அந்த சர்வர் மிகச் சிறியதாக இருந்தால் போதும். வெளிநாட்டு நிறுவனங்களில் மாதம் 4 முதல் 6 டாலர் வரை ஆகும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரலாம். உங்கள் அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்து, வரம்பையும் வைத்துவிட்டுப் பிறகு பதிவு செய்யுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதை நம்பியும் இருக்காதீர்கள். ஒரு மாதம் கழிக்க முடியாமல் போய் சர்வரை நிறுத்திவிட்டால், டனல் ஏன் வரவில்லை என்று பையில் போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். முடிந்தால் சில மாதத் தொகையை முன்பணமாகப் போட்டு வையுங்கள்.

இந்தியாவில் இயங்கும் சர்வர் நிறுவனம் என்றால் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்பார்கள். சிலர் அடையாள அட்டையும் கேட்கலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி அவர்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்த்து ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் கேட்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். சரிபார்ப்பு உடனே முடியாமலும் போகலாம், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டுப் பக்கம் ஒரு செலவை நான் வலியுறுத்துவேன்: ரூட்டருக்கான 12 வோல்ட் சின்ன யுபிஎஸ். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே தொடங்கும். ஃபைபர் இணைப்பு என்றால் ரூட்டர் மட்டும் போதாது, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அமைப்புக் கோப்பில் கை வைக்க வேண்டிய வரிகள்

கோப்பு 'ஈடிசி' அடைவில் 'வயர்கார்டு' என்ற உள்ளடைவில் இருக்கும். பெயர் பெரும்பாலும் 'டபிள்யூஜி0.கான்ஃப்'. அதற்குள் பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவி இருப்பதால் அனுமதியை 600 என்று மாற்றி, ரூட் என்ற நிர்வாகப் பயனர் மட்டும் படிக்கும்படி வையுங்கள்.

பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் = 25. பையின் பக்கத்தில் இந்த வரி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். அனுப்ப எதுவும் இல்லாதபோது வயர்கார்டு வாயே திறக்காது. ரீபூட்டுக்குப் பிறகு பை பேசாமல் இருக்கும். சர்வருக்கோ பை எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துச் சும்மா கிடக்கும். 25 விநாடிக்கு ஒருமுறை சின்னப் பொட்டலம் ஒன்றை அனுப்பச் சொன்னால், முதல் பொட்டலத்துக்காகவே ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ளும் பரிமாற்றம்) நடந்துவிடும், ரூட்டரிலும் வழி மூடாமல் இருக்கும்.

எண்ட்பாயிண்ட். இங்கே டொமைன் பெயருக்குப் பதில் சர்வரின் ஐபி எண்ணையே போடுங்கள், பின்னால் முக்காற்புள்ளியும் 51820 போன்ற போர்ட் எண்ணும். வாடகை சர்வரின் முகவரி சாதாரணமாக மாறாது. பெயரைப் போட்டால், பை எழும் நேரத்தில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கிடைக்க வேண்டும். ரூட்டர் அரைகுறையாக எழுந்த நிலையில் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வந்தால், சேவை அந்த இடத்திலேயே தோற்று நின்றுவிடும். இன்னொன்று: பெயரை வயர்கார்டு தொடக்கத்தில் ஒருமுறைதான் எண்ணாக மாற்றிக்கொள்ளும். பிறகு அந்த எண் மாறினால் கண்டுகொள்ளாது. மாறும் முகவரிதான் உங்களிடம் உள்ளது என்றால், வயர்கார்டு-டூல்ஸ் பொதியோடு 'ரீரிசால்வ்-டிஎன்எஸ்' என்ற ஸ்கிரிப்ட் வருகிறது, அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஓடவிடுங்கள்.

அலவ்டு ஐபிஸ். வெளியிலிருந்து வீட்டுப் பைக்குள் போவதுதான் நோக்கம் என்றால், டனலின் சொந்த வலையமைப்பை மட்டும் போடுங்கள், உதாரணமாக 10.8.0.0/24. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் 0.0.0.0/0 என்று இருக்கும். அப்படியே ஒட்டினால் பையின் மொத்த இணையப் போக்குவரத்தும் டனல் வழியே போகும். டனல் வராதபோது பைக்கு வெளி இணையம் இல்லை, நேரத்தைத் திருத்தவும் வழியில்லை. ஐந்தாம் படியில் இதன் விளைவைச் சொல்கிறேன்.

டிஎன்எஸ் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வரிக்கு 'ரிசால்வ்கான்ஃப்' என்ற நிரல் தேவை. அது பையில் இல்லாவிட்டால் டனல் பாதியில் தோற்றுப் பின்வாங்கிவிடும்.

சேவ்கான்ஃபிக் = ட்ரூ. இது ஒரு கண்ணிவெடி. இந்த வரி இருந்தால், டனல் இறங்கும் ஒவ்வொரு முறையும் அப்போது ஓடிக்கொண்டிருந்த அமைப்பு கோப்பின் மேல் எழுதப்படும். நீங்கள் பொறுமையாகக் கீப்அலைவ் வரி சேர்த்து, சேமித்து, ரீபூட் செய்வீர்கள். எழுந்து பார்த்தால் நீங்கள் சேர்த்த வரி காணாமல் போயிருக்கும். முதலில் டனலை இறக்குங்கள், அப்புறம் இந்த வரியை நீக்குங்கள், அப்புறம் மற்ற திருத்தங்கள்.

3. சேவையை எனேபிள் செய்வது

கையால் ஏற்றிய டனல் ஓடிக்கொண்டிருந்தால் 'சூடோ டபிள்யூஜி-குவிக் டவுன் டபிள்யூஜி0' என்று முதலில் இறக்குங்கள். இல்லையென்றால் 'டபிள்யூஜி0 ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லிச் சேவை தொடங்க மறுக்கும். பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0

இனி டனலை இந்தச் சேவை வழியாகவே ஏற்றி இறக்குங்கள். அதே கோப்பை, பையின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரிலும் இறக்குமதி செய்து வைத்திருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். ஒரே டனலுக்கு இரண்டு பேர் பொறுப்பாளர்களாக இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சேவையின் நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று வரும், பக்கத்தில் 'எக்சிட்டட்' என்றும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொருள்தான்: இடைமுகத்தை உருவாக்கிவிட்டேன், என் வேலை முடிந்தது. மறுமுனை பதில் சொல்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பச்சையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். உண்மை நிலை 'சூடோ டபிள்யூஜி ஷோ' கட்டளையில்தான் இருக்கிறது. அதில் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரி இருக்கிறதா, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நடந்ததா என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஒருமுறைகூட இணையவில்லை என்று பொருள்.

4. தோற்றால் மறுபடி முயலச் சொல்வது

இயல்பாக இந்தச் சேவை ஒருமுறை தோற்றால் அப்படியே கிடக்கும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0' என்று தட்டினால் ஒரு வெற்றுப் பக்கம் திறக்கும். மேலே உள்ள குறிப்பு வரிகளுக்கு நடுவே, அது சொல்லும் இடத்தில் மட்டும் எழுதுங்கள், கீழே எழுதியது சேமிக்கப்படாது. சதுர அடைப்புக்குள் 'சர்வீஸ்' என்ற தலைப்பு, அதன்கீழ் இரண்டு வரிகள்:

ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

தோற்றால் 30 விநாடி கழித்து மறுபடி முயலும். இந்த 30 ஐக் குறைத்து 1 என்று வைக்கத் தோன்றும். வேண்டாம். பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க முயன்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும். ரூட்டர் எழும் முன்பே வாய்ப்பெல்லாம் தீர்ந்துவிடும்.

பை வைஃபையில் இருந்தால், அந்த இணைப்பு எல்லாப் பயனருக்கும் என்று சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பயனருக்கு மட்டும் என்றால், யாராவது உள்நுழையும் வரை வைஃபையே வராது. ஆனால் என் கருத்து: கேபிளைப் போட்டுவிடுங்கள். பத்தடி கேபிளின் விலைக்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை.

5. கடிகாரம் என்ற மறைமுக எதிரி

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். இதைப் பற்றி எழுதுபவர்களும் குறைவு.

ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அதற்கு நேரம் ஓடாது. அவ்வப்போது கோப்பில் எழுதி வைத்த நேரத்தை, எழுந்ததும் எடுத்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால் அந்தப் பதிவு ஒரு மணி நேரம் வரை பழையதாக இருக்கக்கூடும். இணையம் வந்ததும் நேர சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்.

வயர்கார்டு தன் ஹேண்ட்ஷேக்கில் ஒரு நேர முத்திரையை வைத்து அனுப்புகிறது. யாராவது பழைய பொட்டலத்தைத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் புதியதை மட்டுமே மறுமுனை ஏற்கும். மின்வெட்டுக்குப் பிறகு பை பழைய நேரத்தோடு வந்தால், சர்வர் பதிலே சொல்லாமல் அதைத் தள்ளிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

டனல் வலையமைப்பை மட்டும் அலவ்டு ஐபிஸில் போட்டிருந்தால் இது சின்னத் தாமதம்தான். நேரம் சரியானதும் அடுத்த முயற்சியில் இணைந்துவிடும். 0.0.0.0/0 போட்டிருந்தால் முடிச்சு விழுந்துவிடும்: நேரம் சரியாக டனல் வேண்டும், டனல் வர நேரம் சரியாக வேண்டும். பையின் பின்தங்கிய கடிகாரம் தானாக ஓடி, சர்வர் கடைசியாகப் பார்த்த முத்திரையைத் தாண்டும் வரை இப்படியே நிற்கும். அப்புறம் யாரும் எதுவும் செய்யாமலே இணைந்துவிடும். அதற்குள் நீங்கள் சர்வரில் வயர்கார்டை ரீஸ்டார்ட் செய்திருந்தால், அது பழைய முத்திரையை மறந்துபோய் உடனே ஏற்றுக்கொள்ளும்; 'கோளாறு சர்வரில்தான்' என்று தவறான முடிவுக்கு வருவீர்கள்.

மொத்தப் போக்குவரத்தும் டனலில்தான் போக வேண்டும் என்றால், நேரம் சரியான பிறகே டனல் தொடங்கும்படி செய்யுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்

பிறகு நான்காம் படியில் திறந்த அதே பக்கத்தில், சதுர அடைப்புக்குள் 'யூனிட்' என்ற தலைப்பின்கீழ் 'ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட்' என்று சேருங்கள். இணையம் வந்து நேரம் திருந்தும்வரை டனல் காத்திருக்கும். அதுவரை பையின் போக்குவரத்து டனலுக்கு வெளியேதான் போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பணம் கொடுத்தும் தீர்க்கலாம். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வைத்த சின்னப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பை 5 வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் பலகையிலேயே உண்டு, ஆனால் அதன் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பேட்டரி மாட்டாத பை 5, மின்வெட்டு விஷயத்தில் பை 4 போலத்தான்.

6. சர்வரும் ரீபூட் ஆகும்

வாடகை சர்வரும் பராமரிப்புக்காக அணைந்து எழும். அதனால் மூன்றாம் படியை அங்கேயும் செய்யுங்கள். போனிலிருந்து சர்வர் வழியாக வீட்டுக்குப் போவதென்றால், வரும் பொட்டலங்களை அடுத்த முனைக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் சர்வரில் வேண்டும். கட்டளையாகத் தட்டி இயக்கினால் அது அடுத்த ரீபூட்டில் மறைந்துவிடும். 'ஈடிசி' அடைவில் உள்ள 'சிஸ்சிடிஎல்.டி' அடைவுக்குள் ஒரு கோப்பாக எழுதி வையுங்கள். கையால் போட்ட ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளும் அப்படித்தான் காணாமல் போகும். அவற்றை அமைப்புக் கோப்பில் 'போஸ்ட்அப்' வரியாகப் போட்டால் டனலோடு சேர்ந்து எழும்.

ஃபயர்வாலில் 51820 போர்ட்டை யுடிபி என்று திறக்க வேண்டும். டிசிபி என்று திறந்துவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் அதிகம். சர்வருக்குள் ஒரு ஃபயர்வால், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு இருக்கலாம்.

7. காவலுக்கு ஒரு வரி

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு காவல் ஏற்பாடு நல்லது. பையில் ரூட்டின் கிரான்டேபில் (குறித்த நேரத்தில் ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியலில்), ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் டனல் முகவரியை மூன்று முறை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து), பதில் இல்லையென்றால் டனல் சேவையை ரீஸ்டார்ட் செய்யும் ஒரே வரியைப் போடுங்கள். சாதாரணப் பயனரின் கிரான்டேபில் போட்டால் ரீஸ்டார்ட் செய்ய அனுமதி இருக்காது. 'சூடோ கிரான்டேப் -ஈ' என்று திறப்பதுதான் சரி.

பிங் தோற்றால் பையையே ரீபூட் செய்யும்படி சிலர் எழுதுவார்கள். அதைச் செய்யாதீர்கள். இணையம் நாள் முழுக்க இல்லாத அன்று, பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். பாவம் அந்த மெமரி கார்டு.

8. சோதனை: வெறும் ரீபூட் கணக்கில் வராது

இதை நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். வெளியூரிலிருந்து டனல் வழியாகவே நுழைந்து டனலில் கை வைக்க வேண்டி வந்தால், இறக்கி ஏற்றுவதைத் தனித்தனியாகச் செய்யாமல் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' என்று ஒரே கட்டளையாகக் கொடுங்கள். இறக்கிவிட்டால் ஏற்ற நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள்.

முதலில் சாதாரண ரீபூட். பை எழ ஒரு நிமிடம், ஹேண்ட்ஷேக் அடுத்த சில விநாடிகளில் நடக்க வேண்டும். அடுத்து, பையை ஓடவிட்டு ரூட்டரை மட்டும் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். முக்கியமானது மூன்றாவது: பையை முறையாக நிறுத்தி, ரூட்டரையும் அணையுங்கள். பையை மட்டும் முதலில் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ரூட்டரைப் போடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு வீட்டில் நடப்பது ஏறக்குறைய இதுதான். ரூட்டரில் இணைய விளக்கு எரிந்த சில நிமிடங்களில் சர்வரிலிருந்து பைக்கு பிங் போக வேண்டும்.

கடிகாரச் சிக்கலை இந்தச் சோதனை காட்டாது, ஏனென்றால் முறையாக நிறுத்தும்போது பை நேரத்தை எழுதி வைத்துவிடும். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு, ஒரே ஒருமுறை மட்டும் ஓடும் பையின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள்.

எங்காவது தோற்றால் 'ஜர்னல்சிடிஎல் -பி -யு டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0' என்று தட்டுங்கள். இந்த முறை எழுந்ததிலிருந்து சேவை என்ன சொன்னது என்று வரிசையாகக் காட்டும். சேவை தோற்றிருந்தால் கோளாறு இரண்டு, மூன்று, நான்காம் படிகளில். சேவை சரி, ஹேண்ட்ஷேக் மட்டும் இல்லையென்றால் கீ, ஃபயர்வால், கடிகாரம் என்ற வரிசையில் பாருங்கள். ஹேண்ட்ஷேக் வந்தும் பிங் போகவில்லை என்றால் அலவ்டு ஐபிஸ், ஃபார்வர்டிங்.

9. வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு

ஓபன்விபிஎன் என்றால் கோப்பை 'ஓபன்விபிஎன்' அடைவில் 'கிளையண்ட்' என்ற உள்ளடைவில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரோடு 'ஓபன்விபிஎன்-கிளையண்ட்@' சேவையை எனேபிள் செய்யுங்கள். அங்கே பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கடவுச்சொல்லில்தான். யாரும் தட்டாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கோப்பில் எழுதி, 'ஆத்-யூசர்-பாஸ்' வரியில் அந்தக் கோப்பைக் குறிப்பிட்டு, அனுமதியை 600 ஆக்குங்கள்.

விண்டோஸில் வயர்கார்டு செயலி டனலை ஒரு சேவையாகவே நிறுவிவிடுகிறது. இணைந்த நிலையில் விட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானாக வரும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் விபிஎன் பக்கத்தில் 'எப்போதும் இயங்கும் விபிஎன்' என்ற பொத்தான் உண்டு. அதற்குக் கீழே, விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் இன்னொரு பொத்தான் இருக்கும். சர்வர் படுத்துவிட்டால் போனில் இணையமே இல்லாமல் போய்விடும் என்பதால், அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.